குப்பைக்கும் எடை போட்டார்கள், குழந்தைக்கும் எடை போட்டார்கள்

பிள்ளை பிறந்த சேதி வந்ததும் நம் தெருக்களில் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எத்தன கிலோ?" மூன்று என்றால் ஆயாவின் முகம் மலரும். இரண்டரைக்குக் கீழே என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். "வயித்துல இருக்கும்போது ஒழுங்கா சாப்ட்டாளா இவ?" "சின்ன வயசுலயே கட்டிக்கினா, வேற எப்படி இருக்கும்?" ஆஸ்பத்திரியில் அட்டையில் எடையை எழுதும் கையும் கிட்டத்தட்ட இதையேதான் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கிறது. பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்தக் கோட்டுக்குக் கீழே பிள்ளை இறங்கினால் கூண்டில் ஏற்றப்படுவது தாய்.

கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வேலை செய்யும் நாங்கள் இந்த விசாரணையைப் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறோம். சாப்பாடு, ரத்தசோகை, தாயின் வயது, உயரம் எதுவும் பொய்க் காரணம் இல்லை. ஆனால் அவை கதையின் கடைசிப் பக்கம். ஒரு நகரம் தன் அழுக்கை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது, அந்த அழுக்கை அள்ளியவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தது என்பது முதல் பக்கங்களில் இருக்கிறது. அவற்றைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தால் குற்றவாளியாகத் தெரிவது கர்ப்பிணிதான்.

மயிலாப்பூரிலிருந்து தொடங்குவோம். மயிலாப்பூர் என்றதும் கபாலீசுவரர் கோயில், தெப்பக்குளம், மாடவீதிகள், அறுபத்து மூவர் என்று வரிசையாக நினைவுக்கு வரும். ஊரை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாய் வராது. வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வரும். அந்தக் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877–78-ல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலை அது. மதராஸ் மாகாணம் முழுக்க நிலமற்ற கூலிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம். நிலமற்ற கூலிகள் என்றால் எந்தச் சாதி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிவாரண முகாம்களில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்தார். அது ஏறத்தாழ 450 கிராம். இந்தச் சாப்பாட்டில் மண் வெட்டினால் உடம்பு தாங்காது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்த முகாம்களில் பெண்களும் மண் சுமந்தார்கள். அவர்களில் கர்ப்பிணிகள் எத்தனை பேர், அவர்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனை கிலோ என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

பதிவேடு இருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில் நாஜிப் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் மறித்தது. அங்கே மருத்துவமனைகள் பிறப்பு எடையை எழுதி வைத்திருந்தன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் பட்டினி கிடந்த தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 300 கிராம் குறைந்து பிறந்தார்கள் என்பது அந்த ஏடுகளிலிருந்து தெரியவந்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தப் பிள்ளைகளின் உடலில் அதன் தடத்தை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். மயிலாப்பூர்க் கால்வாயை வெட்டியவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எழுதி வைக்கப்படாத உடம்பு ஆய்வுக்கும் வராது, இழப்பீட்டுக்கும் வராது.

கால்வாய் சில பத்தாண்டுகள் படகுப் பாதையாக இருந்தது. பிறகு சாக்கடையானது. அதன் கரையில், அடையாற்றின் கரையில், கடலோரத்தில் குடிசைகள் நெருங்கின. 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில் நெட்டேரியை வற்றவைத்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தியாகராய நகரை அழகாகக் கோடு போட்டுக் கட்டினார்கள். ஏரியின்மேல் கட்டிய வீடு நகராயிற்று. கால்வாய்க் கரையில் கட்டிய வீடு ஆக்கிரமிப்பாயிற்று. இரண்டும் நீர்நிலைதான் என்பதை இன்றைக்கும் நீதிமன்றத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாளிகைகளுக்குப் பாத்திரம் துலக்கவும் தெருவைப் பெருக்கவும் ஆள் வேண்டும், அவர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கவும் வேண்டும். ஆகவே கால்வாய்க் கரை பல காலம் சகித்துக்கொள்ளப்பட்டது. 1970-ல் குடிசை மாற்று வாரியமும் 1971-ல் அதற்கான சட்டமும் வந்தபோது, இருக்கும் இடத்திலேயே அடுக்குவீடு கட்டித் தருவது ஓரளவாவது கொள்கையாக இருந்தது. பட்டினப்பாக்கம் பக்கம் போனால் அந்தக் காலக் கட்டடங்களின் மிச்சத்தைப் பார்க்கலாம்.

பிறகு கால்வாயின் மேலேயே பறக்கும் ரயில் வந்தது. நிலத்தின் விலை ஏறியது. சகிப்பு முடிந்தது.

2000-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த ஓர் ஆண்டையொட்டித் தென்சென்னையில் மூன்று காரியங்கள் நடந்தன. அவற்றை ஒரே பக்கத்தில் எழுதிய வரலாற்றை நாங்கள் படித்ததில்லை.

முதலாவது. அடையாறு, கோடம்பாக்கம் உள்ளிட்ட மூன்று மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி ஓனிக்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த நிறுவனம் போய் வருஷங்கள் ஆகியும் சென்னையில் குப்பை வண்டிக்கு 'ஓனிக்ஸ் வண்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கூலி டன் கணக்கு. லாரி எடைமேடையில் ஏறும், டன்னுக்கு இவ்வளவு என்று பில் போடப்படும். லாரி போய்ச் சேரும் இடம் பெருங்குடி.

இரண்டாவது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் குடியேற்றம் தொடங்கியது. நகரின் நடுவிலிருந்தும் தெற்கிலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட குடும்பங்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பின்னால் செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று அது நீண்டது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரை மக்களும் அங்கேதான் அனுப்பப்பட்டார்கள். சென்னையின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. இந்தக் குடியிருப்புகளில் ஒரு படிக்கட்டு ஏறி இறங்கினாலே அந்தக் கணக்கு இங்கே செல்லாது என்று புரிந்துவிடும்.

இந்த நிலமெல்லாம் பழைய செங்கல்பட்டு ஜில்லா. 1891-ல் அந்த ஜில்லாவின் பறையர்களுடைய நிலைமை பற்றி கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நிலத்துக்கு வழி வகுத்தது. நிலமில்லாதவருக்கு நிலம் கொடு என்று அவர் எழுதிய ஜில்லாவில், நூறாண்டு கழித்து நம்மவர்க்குக் கிடைத்தது அடுக்குமாடியில் ஒற்றை அறை.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1999–2000-ல் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசியாவின் திறந்தவெளிக் குப்பைமேடுகளை ஒட்டி வாழும் தாய்மாரின் தாய்ப்பாலைச் சேகரித்தார்கள். இந்தியா, கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் ஆகிய நான்கு நாடுகள். இந்தியாவின் குப்பைமேடு நம் பெருங்குடி. அதே குழு 2003-ல் குப்பைமேட்டு மண்ணைப் பற்றியும் 2004-ல் தாய்ப்பாலைப் பற்றியும் ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டது. அவர்கள் தேடியது டையாக்சின். பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் மற்ற குப்பையும் சேர்ந்து குறைந்த வெப்பத்தில் புகைந்து எரியும்போது உண்டாகிற நஞ்சு. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் போய் உட்காரும். மனித உடம்பில் புகுந்தால் பாதி வெளியேறவே ஏழெட்டு வருஷம் பிடிக்கும்.

நான்கு நாடுகளில் இந்தியக் குப்பைமேட்டருகே இருந்த தாய்மாரின் பாலில்தான் டையாக்சின் அளவு குறிப்பிடும்படி அதிகமாக இருந்தது. குப்பைமேட்டுக்கு அப்பால் ஒப்பீட்டுக்காக எடுத்த தாய்மாரைவிடவும் அதிகம். எப்படி உள்ளே போயிருக்கும் என்பதற்கு ஆய்வாளர்கள் சந்தேகப்பட்ட வழி மாட்டுப்பால். குப்பைமேட்டில் மாடும் எருமையும் மேய்வது நமக்குத் தெரிந்த காட்சி. புகை புல்லில் படிகிறது, புல் மாட்டுக்குள் போகிறது, கொழுப்பு பாலில் இறங்குகிறது, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சத்து வேண்டும் என்று ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுக்கிறோம்.

இன்னொரு கண்டுபிடிப்பு எங்களைத் தூங்கவிடாமல் செய்தது. நம் தாய்மாரிடம், பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பாலில் நஞ்சின் அளவு குறைந்துகொண்டே போயிருக்கிறது. மற்ற மூன்று நாடுகளில் அப்படித் தெரியவில்லை. நஞ்சு எங்கே போயிருக்கும்? கொழுப்பில் சேர்ந்ததை உடம்பு பெரிய அளவில் இறக்கி வைக்க இருக்கிற வழி பிள்ளைதான்: கொஞ்சம் நச்சுக்கொடி வழியாக, பெரும்பகுதி பால் வழியாக. இளமை முழுக்கச் சேர்ந்ததில் பெரிய பங்கு தலைச்சன் பிள்ளைக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இந்த நஞ்சுகளையெல்லாம் கணக்கில் வைத்த பிறகும் தாய்ப்பாலே சிறந்தது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. நிறுத்த வேண்டியது குப்பைமேட்டின் புகையை.

டையாக்சின் குடும்பத்து நஞ்சுகள் பிள்ளையின் உடம்பைச் சிறுக்கவைக்குமா? 1968-ல் மேற்கு ஜப்பானிலும் 1979-ல் தைவானிலும் தவிட்டெண்ணெயில் பி.சி.பி. என்ற இந்த வகை ரசாயனம் கலந்து ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் தாய்மாருக்குப் பிறந்தவர்களில் பலர் தோல் கறுத்து, உருவில் சிறுத்துப் பிறந்தார்கள். அங்கே நஞ்சின் அளவு பல மடங்கு அதிகம். பெருங்குடியை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. பெருங்குடியில் அளக்கப்பட்டது பால்தான், பிள்ளையின் எடையல்ல. வழி இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறோம். அந்த வழியில் நம் பிள்ளைகள் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டார்கள் என்பது அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிள்ளையின் எடையையே நேராக அளந்த ஆய்வு 2018-ல் வந்தது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் சென்னையின் நகர்ப்புறச் சுகாதார நிலையங்களிலும் கிராமப்புற ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் 1,285 கர்ப்பிணிகளை முதல் மூன்று மாதத்திலேயே சேர்த்துப் பிரசவம் வரை பின்தொடர்ந்தார்கள். அவர்கள் அளந்தது பி.எம். 2.5 என்ற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராத தூசு. அடுப்பு, வண்டி, எரியும் குப்பை எல்லாவற்றிலிருந்தும் வருவது. கர்ப்ப காலத்தில் இந்தத் துகள் ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது, எடை குறைந்து பிறப்பதற்கான வாய்ப்பு 2 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள்.

4 கிராம் என்பது ஒரு ஸ்பூன் சர்க்கரை. எங்கள் கூட்டங்களில் இதைச் சொன்னால் மாணவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பெரிய எண்ணை எதிர்பார்த்து வந்தவர்கள். ஆனால் இது 10 மைக்ரோகிராமுக்கான கணக்கு. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் விதித்த ஆண்டுச் சராசரி வரம்பு 5. இந்திய அரசின் வரம்பு 40. சட்டத்தை ஒருவரும் மீறாமலே அந்த இடைவெளி நம் கர்ப்பிணிகளின் மூச்சில் இருக்கலாம். தவிர, சராசரி என்பது எல்லார் தலையிலும் சமமாக இறங்குவதில்லை. 3,200 கிராமில் பிறக்க வேண்டிய பிள்ளைக்குப் பதினைந்து கிராம் போனால் யாருக்கும் தெரியாது. 2,510-ல் நிற்கிற பிள்ளை கோட்டுக்குக் கீழே விழும். யாருடைய பிள்ளைகள் கோட்டின் விளிம்பில் நிற்கிறார்கள் என்பதைக் காற்று தீர்மானிக்கவில்லை.

அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. புனே அருகே ஆறு கிராமங்களில் யாக்னிக் குழு செய்த ஆய்வில் பிள்ளைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. சிறுத்துப் பிறந்த பெண் சிறுத்த தாயாகிறாள், அவள் பிள்ளையும் சிறுக்க வாய்ப்பு அதிகம். ஒரு பெண் குழந்தை கருவில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அப்படிப் பார்த்தால் இன்று பிறக்கும் பிள்ளையின் ஒரு துளி, அதன் ஆயாவின் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அந்த ஆயா கால்வாய்க் கரையில் இருந்தாளா, மாடவீதியில் இருந்தாளா என்பதும் அதனால் எடைக்கணக்கில் சேரும்.

இதை மறந்துவிட்டு ஒற்றை மருந்து தேடினால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடே காட்டியிருக்கிறது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஹேபின் என்ற ஆய்வு நடந்தது. இந்தியாவில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள். பாதிப் பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் விறகடுப்பிலேயே தொடர்ந்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: காஸ் வீட்டுப் பிள்ளைகள் சராசரி 2,921 கிராம், விறகு வீட்டுப் பிள்ளைகள் 2,898 கிராம். புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. புகையால் கெடுதல் இல்லை என்று சிலர் இதைப் படிக்கிறார்கள். நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. கர்ப்பமாகிச் சில மாதம் கழித்து ஒரு சிலிண்டரை வீட்டில் வைத்தால், இருபது வருஷ உடம்பின் வரலாறு மாறிவிடாது.

மயிலாப்பூரும் தி. நகரும் அடையாறும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன? விடிகாலையில் கண்ணகி நகர் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள். வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் நம் பெண்கள் தாங்கள் பெயர்த்தெடுக்கப்பட்ட அதே தெருக்களுக்குத் திரும்பப் போகிறார்கள். பாண்டி பஜாரின் நடைபாதையைக் கடை திறக்கும் முன் பெருக்கும்போது எழும் தூசு முதலில் போவது பெருக்குகிறவளின் மூச்சுக்குள். அவள் பெருக்கிய குப்பை லாரியில் ஏறிப் பெருங்குடிக்குப் போகிறது. மாலையில் அவளும் அதே திசையில் வீடு திரும்புகிறாள். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்கள் முழுக்க இப்போது தனியாரிடம். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்களே, அவர்கள் பயந்தது தென்சென்னையில் ஏற்கெனவே நடந்துமுடிந்த ஒன்றுக்கு.

1928-ல் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு வேண்டும், அது தேசத்தின் நலன், அவளுடைய உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளி அதன் செலவில் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். இன்றைய சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் புது ஆளாக எழுதப்படுகிறவள் எதைக் காட்டுவாள்? நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கு அந்தச் சட்டமே கிடையாது. ஆகவே ஒன்பதாம் மாதத்திலும் பேருந்து ஏறுகிறாள்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தது. நாள்கணக்கில் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கிறது, மேடு குறைந்துவருகிறது, நல்லது. அதே 2022-ல் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. பூநாரைகளுக்காக நாங்களும் சந்தோஷப்பட்டோம். அதே ஆண்டு மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இடிக்கப்பட்டன. ஒருவர் தீக்குளித்து இறந்தார். எங்களைத் தூரத்துக்கு அனுப்பாதீர்கள், இங்கேயே மாற்று வீடு கொடுங்கள் என்பதுதான் அந்த மக்கள் கேட்டது.

ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் புகையைச் சுவாசித்த கர்ப்பிணிகள் அந்த ஆண்டிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ பிரசவித்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் எடை அரசிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிக்மி எண் இல்லாமல் பிரசவப் பதிவே கிடையாது. தாய்சேய் நலப் பதிவேட்டில் முகவரி உண்டு, பிறப்பு எடை உண்டு, பட்டியல் சாதியா என்று கேட்கும் பத்தியும் உண்டு. எந்தக் குடும்பம் எந்தக் கரையிலிருந்து எந்த வருஷம் கொண்டுவரப்பட்டது என்பது வாரியத்தின் ஒதுக்கீட்டு ஏட்டில் இருக்கிறது. எந்த நாள் எத்தனை டன் பெருங்குடிக்கு வந்தது என்பது எடைமேடை ரசீதில் இருக்கிறது. காசு சம்பந்தப்பட்டது, அதில் தவறு விடமாட்டார்கள். மூன்று ஏடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் இல்லை.

பெயர்களை நீக்கி, குடியிருப்புவாரியாகப் பிறப்பு எடையைத் தாருங்கள் என்று ஓர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். கேட்கும் வடிவில் தகவல் தொகுக்கப்படவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறோம். அதற்குள் சும்மா இருக்க வேண்டாம் என்று, சமூகவியல் படிக்கும் நான்கு மாணவர்களோடு சேர்ந்து பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக்கில் வீடு வீடாக எழுதத் தொடங்கியிருக்கிறோம். தாய் சம்மதித்தால் மட்டும் அட்டையைப் பார்க்கிறோம். பெயர் எழுதுவதில்லை. ஏழு பத்திகள்: பிள்ளையின் எடை, எத்தனையாவது பிள்ளை, தாயின் வேலை, எத்தனை மாதம் வரை வேலைக்குப் போனார், அடுப்பு எது, எந்த வருஷம் எங்கிருந்து இங்கே வந்தார்கள், தாயின் தாய் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது எங்கே குடியிருந்தார். கடைசிப் பத்திக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் ஆயாதான். அந்தக் கேள்விக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது. ஒரு வீட்டுக்கு அரைமணி என்று திட்டம் போட்டிருந்தோம். இப்போது ஒரு மணி என்று மாற்றியிருக்கிறோம்.